இன்சுலின் வீரியக் கணக்கு இடறும்போது: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கல்லூரிகளில் எம்.ஃபார்ம் புராஜெக்ட் செய்யும் மாணவர்கள், ஓசூர் சிப்காட் பக்கம் தரக் கட்டுப்பாட்டு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று பலர் இன்சுலின் வீரியக் கணக்கோடு (ஒரு பேட்ச் மருந்துக்கு எவ்வளவு பலம் என்று அளக்கும் கணக்கு) என்னிடம் வருவதுண்டு. பெரும்பாலும் முதல் கேள்வி இதுதான்: "சார், மருந்து வீக்கா?" அந்தக் கேள்விக்குப் போகுமுன் ஒப்பீடு ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க வேண்டும். நான் பார்த்த தாள்களில் மருந்து குற்றவாளியாக இருந்தது அரிது. ஒப்பீட்டில்தான் கோளாறு இருக்கும்.

ஏனென்றால் வீரியம் என்பதே ஒப்பீடுதான். 1920-களின் தொடக்கத்தில் ஒரு யூனிட் என்பதை முயலை வைத்து வரையறுத்தார்கள்: பட்டினி போட்ட முயலின் ரத்தச் சர்க்கரையை வலிப்பு வரும் அளவுக்கு இறக்கும் இன்சுலின். முயலுக்கு முயல், லேபுக்கு லேப் அந்த அளவு மாறியது. லண்டனில் மருந்தியல் அறிஞர் ஹென்றி டேல் போன்றவர்கள் வலியுறுத்திய தீர்வு எளிமையானது. உலர்ந்த இன்சுலின் தூள் ஒன்றைப் பொது ஸ்டாண்டர்டாக வைப்பது. எந்தச் சோதனையிலும் சாம்பிளுக்குப் பக்கத்தில் அதையும் போடுவது. விலங்கு எப்படி நடந்துகொண்டாலும் இரண்டுக்கும் உள்ள விகிதத்தை மட்டும் அறிவிப்பது. முதல் சர்வதேச ஸ்டாண்டர்டில் 1 மில்லிகிராமுக்கு 8 யூனிட். இன்று தூய மனித இன்சுலினில் 1 யூனிட் என்பது 0.0347 மில்லிகிராம், அதாவது மில்லிகிராமுக்குச் சுமார் 28.8 யூனிட். தூய்மை கூடிவிட்டது, ஒப்பீடு என்ற அடிப்படை மாறவில்லை.

எந்த அறிகுறி வந்தாலும் சாஃப்ட்வேரைத் திறக்குமுன் இரண்டு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு முயலின் எண்ணையும், சராசரியை அல்ல, லாக் டோசுக்கு (டோசின் மடக்கைக்கு) எதிராகப் புள்ளியாக வையுங்கள். அப்புறம் எந்த முயலுக்கு எந்த நாளில் எது போனது என்று ஒரு அட்டவணை எழுதுங்கள். கீழே வரும் பாதிப் பிழைகள் இந்த இரண்டு தாளிலேயே கண்ணில் படும்.

இனி ஒரு எடுத்துக்காட்டு. எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை. 24 முயல், நான்கு குழு, குழுவுக்கு 6. ஸ்டாண்டர்டில் சிறிய டோஸ், பெரிய டோஸ், சாம்பிளிலும் அப்படியே. பெரியது சிறியதைப் போல இரு மடங்கு. ரத்தச் சர்க்கரை இறங்கிய சதவீதம் சராசரியாக ஸ்டாண்டர்டுக்கு 28, 42. சாம்பிளுக்கு 26, 41. டோஸ் இரட்டிப்பானால் ஏற்றம் 14, 15, சராசரி 14.5. இதை லாக் 2, அதாவது 0.301-ஆல் வகுத்தால் சரிவு 48.2. சாம்பிளின் மொத்தச் சராசரி 33.5, ஸ்டாண்டர்டின் சராசரி 35, வித்தியாசம் −1.5. அதைச் சரிவால் வகுத்தால் −0.031. எதிர் லாக் எடுத்தால் 0.93. எதிர்பார்த்த வீரியத்தில் 93%.

எல்லைகள் மிக அகலமாக வருகின்றன

அதிகமாகக் கேட்கும் புகார் இது. மேலே உள்ள எண்களில் முயலுக்கு முயல் சிதறல், அதாவது திட்ட விலக்கம், 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். 95% எல்லைகள் (உண்மையான வீரியம் பெரும்பாலும் அடங்கும் வரம்பு) 71%-லிருந்து 120% வரை போகும். 24 உயிர்களைப் பயன்படுத்திக் கிடைத்தது இவ்வளவுதான். இதை வைத்து ஒரு பேட்சைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

உடனே பலர் முயலின் எண்ணிக்கையைக் கூட்டப் பார்க்கிறார்கள். அகலம் பாதியாக வேண்டுமானால் எண்ணிக்கை நாலு மடங்காக வேண்டும். எந்த விலங்கு நெறிமுறைக் குழுவும் அதை லேசில் ஒப்புக்கொள்ளாது, ஒப்புக்கொள்ளவும் கூடாது. முதலில் திட்டத்தை மாற்றுங்கள். ஒரு முயலுக்கும் இன்னொரு முயலுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிதறலில் பெரும்பகுதி. அதே முயலை இன்னொரு நாள் மறுபடி பயன்படுத்தினால் அந்தப் பகுதி கழன்றுவிடும். பார்மகோபியாக்கள் (மருந்துத் தர நூல்கள்) காலங்காலமாகச் சொல்லும் இரட்டைக் குறுக்குமாற்றுத் திட்டம் இதற்காகவே வந்தது. முதல் குழு முதல் நாள் ஸ்டாண்டர்டின் சிறிய டோஸ், இரண்டாம் நாள் சாம்பிளின் பெரிய டோஸ். இரண்டாம் குழு ஸ்டாண்டர்டின் பெரிய டோஸ், பிறகு சாம்பிளின் சிறிய டோஸ். மற்ற இரு குழுக்களும் இதே ஜோடிகளைத் தலைகீழ் வரிசையில் பெறும். ஒவ்வொரு முயலும் இரண்டு மருந்தையும், இரண்டு அளவையும் பார்த்துவிடுகிறது.

அதே 24 முயல், அதே சராசரிகள், ஒரே முயலுக்குள் உள்ள சிதறல் 3 என்றால் எல்லைகள் 85%-லிருந்து 101%-க்கு வந்துவிடும். 71–120 எங்கே, 85–101 எங்கே! கூடுதலாக ஒரு முயல்கூடத் தேவைப்படவில்லை.

திட்டம் சரியாக இருந்தும் அகலமா? அப்போது லேபைப் பாருங்கள். மருந்துக் கடை குளுக்கோமீட்டரில் அளந்த தாள்கள் எனக்கு நிறைய வருகின்றன. அந்தக் கருவிகளுக்கான 2013-ஆம் ஆண்டின் சர்வதேசத் தரம், 100 மில்லிகிராமுக்குக் கீழே 15 மில்லிகிராம் வரை முன்பின் இருப்பதை அனுமதிக்கிறது. மனிதர் வீட்டில் பார்த்துக்கொள்ள அது போதும். இன்சுலின் போட்ட முயலின் சர்க்கரை 50, 60-க்கு இறங்கும் இடத்தில் 15 என்பது கால் பங்கு. அதோடு அவை மனித ரத்தத்துக்காகச் சரிசெய்யப்பட்டவை. பிளாஸ்மாவைப் பிரித்து நொதி முறையில் அளப்பதே சரி.

அடுத்தது பயமும் வெயிலும். பயந்த முயலின் சர்க்கரை தானாக ஏறும். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி வேனில் வந்த முயலை மறுநாளே பட்டினி போட்டு ஊசி போட்டால் வரும் எண்ணில் இன்சுலினும் இருக்கும், மிரட்சியும் இருக்கும். சித்திரை, வைகாசியில் தர்மபுரியில் மின்சாரம் நின்று விலங்குக் கூடத்தில் ஃபேன் ஓடாத மதிய நேரமும் அப்படித்தான். பழக்கப்படுத்தும் நாட்களைச் சுருக்காதீர்கள். பிடிப்பவர், ஊசி போடுபவர் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கோடும் இணையாக இல்லை என்கிறது அனோவா

ஸ்டாண்டர்டின் டோஸ் கோடும் சாம்பிளின் டோஸ் கோடும் ஒரே சரிவில் போகின்றனவா என்று அனோவா என்ற சிதறல் பகுப்பாய்வு பார்க்கும். இணையாக இல்லை என்றால் வீரியம் என்ற ஒற்றை எண்ணுக்கே பொருள் இல்லை. சிறிய டோசில் ஒரு விகிதம், பெரிய டோசில் வேறு விகிதம் என்றாகிவிடும். அதனால் இந்த எச்சரிக்கையைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் எச்சரிக்கையே பொய்யாக இருக்கலாம். அதை முதலில் சோதியுங்கள்.

இரட்டைக் குறுக்குமாற்றில் பொய் எச்சரிக்கைக்கு ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு. மேலே சொன்ன ஜோடிகளை மறுபடி பாருங்கள். ஒரு முயல் ஸ்டாண்டர்டின் சிறியதையும் சாம்பிளின் பெரியதையும் பெறுகிறது. இன்னொரு முயல் ஸ்டாண்டர்டின் பெரியதையும் சாம்பிளின் சிறியதையும். மருந்துகளின் வித்தியாசம், சரிவு இரண்டும் ஒரே முயலுக்குள் கிடைத்துவிடுகின்றன. இணைத்தன்மை மட்டும் அப்படிக் கிடைக்காது. அது முதல் வகை முயல்களுக்கும் இரண்டாம் வகை முயல்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒளிந்திருக்கிறது. ஆகவே அதை முயல்களுக்கு இடையிலான பிழையோடு ஒப்பிட வேண்டும். நாள்–மருந்து, நாள்–சரிவு ஆகிய கூட்டு விளைவுகளுக்கும் இதே பிழைதான். மருந்து, சரிவு, நாள் ஆகியவற்றுக்கு முயலுக்குள் உள்ள பிழை. ஒரே அனோவாவில் இரண்டு பிழை வரிசைகள் வர வேண்டும். சாதாரண அனோவா பொத்தானை அழுத்தினால் ஒன்றுதான் வரும்.

எண்ணில் பார்ப்போம். முயல்களுக்கு இடையே சிதறல் 5, முயலுக்குள் 3, 24 முயல். இரண்டு மருந்துகளின் ஏற்றத்துக்கும் 5 புள்ளி வித்தியாசம் வந்திருக்கிறது. முயலுக்குள் உள்ள பிழையை மட்டும் வைத்தால் அந்த வித்தியாசத்தின் திட்டப் பிழை 1.73, டி மதிப்பு (வித்தியாசத்தைத் திட்டப் பிழையால் வகுத்தது) 2.9. வரம்பான 2.09-ஐத் தாண்டிவிட்டது, சோதனை செல்லாது என்று கோப்பை மூடிவிடுவார்கள். சரியான பிழையை வைத்தால் திட்டப் பிழை 4.43, டி மதிப்பு 1.1. கோடுகள் இணை இல்லை என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஒரு நல்ல சோதனை இப்படித்தான் குப்பைக்குப் போகிறது, அப்புறம் இன்னொரு 24 முயல் பட்டினி கிடக்கிறது. இந்தப் பிழையைப் பார்க்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

பிழை வரிசை சரியாக இருந்தும் எச்சரிக்கை நின்றால் புள்ளிப் படத்துக்குத் திரும்புங்கள். ஒரே ஒரு முயல் கோட்டை வளைக்கிறதா? அந்த முயலின் எடை, பட்டினி நேரம், ஊசி தோலுக்கடியில் சரியாகப் போனதா என்ற குறிப்புகளைத் தேடுங்கள். குறிப்பில் காரணம் இருந்தால் விலக்கலாம். எண் பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. பெரிய டோசில் இரண்டு கோடும் தட்டையாகிறதா? டோஸ் உச்சத்தைத் தொட்டுவிட்டது. இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைத்து மறுபடி செய்யுங்கள். அடுத்து, சாம்பிள் என்ன வகை? கலங்கலான என்பிஎச் (மெதுவாக வேலை செய்யும் வகை) அல்லது 30/70 கலவையைத் தெளிவான சாதாரண இன்சுலின் ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டால் வேலை செய்யும் நேரமே வேறு. இணையின்மை அங்கே உண்மை. கணக்கால் அதைச் சரிசெய்ய முடியாது.

செல் வளர்ப்புத் தட்டுகளில் செய்யும் புதிய முறைகளில் இதற்கு நேரெதிரான தொல்லை வரும். சிதறல் மிகக் குறைவாக இருப்பதால், வீரியத்தைத் துளியும் பாதிக்காத சிறு சரிவு வித்தியாசம்கூட அனோவாவின் எஃப் சோதனையில் பெரிதாகத் தெரியும். கவனமாக வேலை செய்யும் லேப் தோற்கும், அலட்சியமான லேப் தேறும். அதனால்தான் அமெரிக்கப் பார்மகோபியாவின் 1032, 1034 பொதுப் பகுதிகள் சமானச் சோதனையைப் பரிந்துரைக்கின்றன: சரிவு விகிதத்தின் நம்பிக்கை இடைவெளி, முன்கூட்டியே முடிவு செய்த எல்லைக்குள் முழுவதும் அடங்குகிறதா என்று பார்ப்பது. எல்லையைச் சோதனைக்கு முன் எழுதிவையுங்கள்.

கீழ் எல்லையும் மேல் எல்லையும் அபத்தமாக வருகின்றன

வர்க்கமூலத்துக்குள் கழித்தல் குறி, அல்லது விடையே எல்லைகளுக்கு வெளியே. எக்ஸெல் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். வீரியம் ஒரு விகிதம். விகிதத்துக்கு எல்லை கணக்கிடும் வழியை புள்ளியியலாளர் இ. சி. ஃபீலர் 1940-ல் இன்சுலின் தரப்படுத்தலைப் பற்றிய கட்டுரையில்தான் விரிவாகத் தந்தார். அதில் ஜி என்ற ஓர் எண் வரும்: டி மதிப்பின் வர்க்கத்தைச் சரிவின் மாறுபாட்டால் பெருக்கி, சரிவின் வர்க்கத்தால் வகுத்தது. முதல் எடுத்துக்காட்டில் அது 0.12. அதே கணக்கில் சரிவு பாதியாகி, சிதறல் ஒன்றரை மடங்கானால் ஜி 1.1 ஆகிவிடும். 1-ஐத் தாண்டினால், சரிவு பூஜ்யத்திலிருந்து வேறுபட்டது என்றே உங்கள் தரவு சொல்லவில்லை என்று பொருள். டோசைக் கூட்டினாலும் சர்க்கரை இறங்காத சோதனையில் வீரியத்தை எங்கிருந்து எடுப்பது? தோராயச் சூத்திரத்துக்கு மாறி அழகான எல்லை வாங்கிவிடாதீர்கள். டோஸ் இடைவெளியை அகலப்படுத்துங்கள், சிதறலைக் குறையுங்கள்.

விடை 40%, 250% அல்லது 105%

இந்த எண்களைப் பார்த்ததும் புள்ளியியலை மூடிவைத்துவிட்டு லேபிளைப் படியுங்கள். நம் ஊரில் வயல் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 40-ஐ 100 என்று நினைத்துக் கரைத்தால் விடை 40%. 100-ஐ 40 என்று நினைத்தால் 250%. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. லேபிலும் இந்தச் சிரிஞ்சுகள் மாறுகின்றன. வீட்டில் மாறினால் நோயாளி மயங்கி விழுவார், அல்லது சர்க்கரை எகிறும் என்பதால் இதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

105% வேறு கதை. கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலினில் 1 யூனிட் என்பது 0.0364 மில்லிகிராம். மனித இன்சுலினின் 0.0347-ஆல் வகுத்தால் சரியான கிளார்ஜின்கூட 105% காட்டும். இன்னொரு நீண்ட நேர வகையான டெடிமிரில் இந்த வித்தியாசம் இன்னும் பெரியது; அங்கே 1 யூனிட் 24 நானோமோல், மனித இன்சுலினில் 6.

நிஜமாகவே எதிர்பார்ப்பிலிருந்து தூரத்தில், 60% அல்லது 160% என்று வந்தால், சாம்பிளின் டோஸ்கள் ஸ்டாண்டர்டின் டோஸ்களோடு பொருந்தாத இடத்தில் விழுந்திருக்கும். அந்த விடையைப் புதிய எதிர்பார்ப்பாக வைத்து, கரைசலை மறுபடி தயாரித்து இன்னொரு சோதனை செய்யுங்கள். முதல் எண்ணை அப்படியே அறிக்கையில் போடாதீர்கள்.

நம்ப முடியாத துல்லியம்

எல்லைகள் 98–102 என்று முயல் சோதனையில் வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சுதந்திரப் படிகளை (பிழையை மதிப்பிட மிஞ்சும் தனித் தகவல்களின் எண்ணிக்கை) எண்ணுங்கள். 24 முயலில் முயலுக்குள் பிழைக்கு 20 இருக்க வேண்டும். 68 என்று இருந்தால், ஒரே ரத்தத்தை மூன்று முறை அளந்த எண்களைத் தனித்தனி முயல்களாகச் சேர்த்திருக்கிறீர்கள். திரும்ப அளப்பது கருவியின் பிழையைக் குறைக்கும், முயல்களை உருவாக்காது. அவற்றைச் சராசரியாக்கி ஒரே எண்ணாக வையுங்கள். 1 மணி நேரம், 2½ மணி நேரம் எடுத்த அளவுகளும் அப்படித்தான், கூட்டி ஒரு எண். 96 கிணறு தட்டிலும் ஒரே கரைசலை அடுத்தடுத்த கிணறுகளில் ஊற்றினால் அது ஒரு கரைசல்தான். ஓரக் கிணறுகள் சீக்கிரம் காயும்; ஸ்டாண்டர்டை ஓரத்திலும் சாம்பிளை நடுவிலும் வைத்தால் தட்டின் குறை மருந்தின் குறையாகப் பதிவாகும்.

முயலுக்கு வலிப்பு வந்தது, ஒரு கட்டம் காலி

முதலில் குளுக்கோஸ் கொடுங்கள், கணக்கு பிறகு. காலி இடத்தில் பூஜ்யம் போடக் கூடாது. விடுபட்ட மதிப்புக்கான சூத்திரத்தால் நிரப்பி, சுதந்திரப் படியில் ஒன்றைக் குறையுங்கள். ஒன்றுக்கு மேல், அதுவும் எல்லாம் பெரிய டோசில் விடுபட்டால், அந்தக் காலியே ஒரு தகவல்: டோஸ் அதிகம். குறைத்து மறுபடி தொடங்குங்கள்.

எச்பிஎல்சியில் குறைகிறது

இன்று பேட்ச் வெளியிடும் லேப்களில் வீரியம் பெரும்பாலும் எச்பிஎல்சியில்தான் (கரைசலின் கூறுகளைப் பிரித்து அளக்கும் முறை). குறைந்தால் மூன்று இடம் பாருங்கள். மனித இன்சுலின் கணக்கில் முதன்மைச் சிகரத்தோடு ஏ21 டெசமிடோ (சற்றே மாறிய இன்சுலின்) சிகரத்தையும் சேர்க்க வேண்டும். விட்டால் பழைய சாம்பிளில் ஓரிரு சதவீதம் காணாமல் போகும். கலங்கல் வகையைக் குலுக்காமல் எடுத்தால் படிகங்கள் அடியில் தங்கிவிடும். குலுக்கிய பிறகும் மில்லிக்கு 4 மைக்ரோலிட்டர் 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுத் தெளிய வைக்க வேண்டும். மூன்றாவது, ஸ்டாண்டர்டை காலையில் ஒரு முறை மட்டும் செலுத்திவிட்டு மாலை வரை சாம்பிள் ஓட்டுவது. சாம்பிள்களுக்கு முன்னும் பின்னும் ஸ்டாண்டர்டை வைத்தால் நாள் போகப் போகக் கருவி நகர்வது தெரியும்.

இங்கே ஒரு செய்தி நினைவில் இருக்கட்டும். 2017 கடைசியில் அமெரிக்க மருந்துக் கடைகளில் வாங்கிய 18 வயல்களைச் சோதித்த ஓர் ஆய்வு, 100 யூனிட் இருக்க வேண்டியவற்றில் சராசரி 40 என்று அறிவித்தது. நோயாளிகள் பதறினார்கள். பார்மகோபியா முறையில் மற்றவர்கள் மறுபடி சோதித்தபோது அந்தக் குறைவு தெரியவில்லை. வயலைத் திறந்து கருவிக்குக் கொண்டுபோகும் வழியை முதலில் சந்தேகித்திருக்க வேண்டிய இடம் அது.

மருந்து நிஜமாகவே கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. பெங்களூரிலிருந்து பஸ் பார்சலில், ஐஸ் கரைந்த தெர்மாகோல் பெட்டியில் வந்த சாம்பிளா? ஐஸ் கட்டியை ஒட்டி உறைந்துபோன சாம்பிளா? 2 முதல் 8 டிகிரி வரம்பு மீறியதற்குப் பதிவு இருந்தால், சோதனைக்கு முன்பே அதை அறிக்கையில் எழுதுங்கள்.

இரண்டு சோதனை, இரண்டு விடை

ஒன்று 93%, இன்னொன்று 110%. கூட்டி இரண்டால் வகுத்து 101.5% என்று எழுதியிருப்பார்கள். முதலாவது குறுக்குமாற்றுச் சோதனை, லாக் அளவில் திட்டப் பிழை 0.018, இரண்டாவது சாதாரணத் திட்டம், 0.048. எடை என்பது திட்டப் பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழ். ஆக முதலாவதுக்குச் சுமார் 3100, இரண்டாவதுக்கு 430. லாக்கில் எடையோடு சராசரி எடுத்தால் விடை 95%. 101.5-க்கும் 95-க்கும் உள்ள தூரம் சின்னதில்லை.

சேர்ப்பதற்கு முன் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று கை-வர்க்கம் பார்க்க வேண்டும். லாக் வித்தியாசம் 0.073, அதன் வர்க்கத்தை இரண்டு மாறுபாடுகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 2.0. ஒரு சுதந்திரப் படிக்கு வரம்பு 3.84, ஆகவே சேர்க்கலாம். வரம்பைத் தாண்டியிருந்தால் சோதனைகளுக்கு இடையே உள்ள சிதறலையும் சேர்த்து அரை எடை முறையில் கணக்கிடுங்கள். இரண்டு நாளின் கரைசல், ஆள், முயல் பதிவேடுகளை அருகருகே வைத்து எது மாறியது என்று தேடுங்கள். எந்தச் சோதனையையாவது விலக்கினால், அதன் எண்ணும் விலக்கிய காரணமும் அறிக்கையின் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.